டர்போவைக் குறை சொல்லுமுன்: வாசகர் கேள்வி பதில்

டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள, பத்து ஆண்டுகளைத் தாண்டிய கார்களை வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஏழினை எடுத்துக்கொண்டு இம்மாதம் பதில் எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்தில் உள்ள குறையைச் சற்றே மாறிய வடிவத்தில் பலரும் எழுதியிருந்ததால் அதற்கு மட்டும் நீண்ட பதில் தேவைப்பட்டது.

கேள்வி: என்னிடம் 2011ஆம் ஆண்டு டீசல் ஸ்விஃப்ட் இருக்கிறது, 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற ஆண்டு டர்போ போய்விட்டது என்று சொல்லிப் புதியது மாற்றினார்கள். ஏழே மாதத்தில் அதுவும் போயிற்று. பட்டறைக்காரர் தம் பொறுப்பில் இன்னொன்றைப் போட்டுத் தந்தார். இப்போது மூன்றாவதும் விசிலடிக்கத் தொடங்கிவிட்டது, நீலப்புகையும் வருகிறது. இந்த இன்ஜினே இப்படித்தானா? (வாசகர், சேலம்)

இன்ஜின்மீது பழி போட வேண்டாம். உங்கள் காரில் இருப்பது 1,248 சி.சி. மல்டிஜெட் டீசல் இன்ஜின், 75 பி.எஸ். (குதிரைத்திறன் அலகு) திறனுள்ள அந்த வகையில், உள்ளே நகரும் இதழ்கள் எதுவும் இல்லாத மிக எளிய டர்போவே பொருத்தப்பட்டிருக்கிறது. அதே இன்ஜினை வைத்துக்கொண்டு டாக்ஸி ஓட்டியவர்கள் முதல் டர்போவுடனேயே இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறார்கள். ஒரு கார் அடுத்தடுத்து மூன்று டர்போக்களைத் தின்றிருக்கிறது என்றால், குற்றவாளி டர்போவுக்கு வெளியே எங்கோ இருக்கிறது என்றும், அதை யாரும் தேடவே இல்லை என்றும்தான் பொருள்.

இவ்வளவு சிறிய டர்போவின் இரு சக்கரங்களையும் இணைக்கும் தண்டு முழு வேகத்தில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளைத் தொடக்கூடியது. அதைத் தாங்குவது பால் பேரிங் அல்ல. தண்டைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற உலோக வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே அழுத்தத்துடன் ஓடும், தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம்தான். அந்த ஆயில் சில வினாடிகள் வராமல் போனாலும், வந்த ஆயிலில் மண்ணோ கரித்துகளோ இருந்தாலும், தண்டு புஷ்ஷை உரசிவிடும். ஆகவே டர்போ போனால் முதலில் ஆயில் வரும் வழியையும் போகும் வழியையும்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டு முறையும் டர்போவை மட்டும் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

ஆயில் வரும் குழாய் மெலிதானது. சூடான எக்ஸாஸ்டுக்கு அருகிலேயே செல்வது. வெளியே பார்த்தால் பளபளவென்றிருக்கும். உள்ளே கரி படிந்து துவாரம் பாதியாகச் சுருங்கியிருக்கும். காற்றடித்து ஊதிப் பார்த்து ‘கிளியராக இருக்கிறது’ என்று சொல்வதில் பயனில்லை. டர்போ மாற்றும்போது அந்தக் குழாயையும், அதன் முனையில் உள்ள துளையிட்ட போல்ட்டையும், செம்பு வாஷர்களையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். அடுத்தது, இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் உள்ள சல்லடை. காலங்கடந்து ஆயில் மாற்றிய இன்ஜின்களில் கறுப்புச் சேறும், சம்ப்பை ஒட்டப் பயன்படுத்திய பசையின் துணுக்குகளும் சேர்ந்து அதை அடைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். ஆயில் விளக்கு எரியவில்லையே என்று வாதிடாதீர்கள். அழுத்தம் மிகவும் கீழே போன பிறகுதான் அந்த விளக்கு எரியும். பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டரை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிலும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஓட்டம்) நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளிலும் அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.

இனி நீலப்புகை. டர்போவுக்குள் ரப்பர் ஆயில் சீல் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அங்கே இருப்பவை பிஸ்டன் ரிங் போன்ற மிகச் சிறிய இரும்பு வளையங்கள். டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்குவது புவியீர்ப்பால் மட்டுமே. அந்த வடிகுழாய் நசுங்கியிருந்தாலோ, கேஸ்கட் பசை பிதுங்கி அடைத்திருந்தாலோ, இன்ஜினுக்குள் காற்றழுத்தம் கூடியிருந்தாலோ, இறங்க வழியில்லாத ஆயில் அந்த வளையங்களைத் தாண்டிக் காற்றுப் பக்கமும் எக்ஸாஸ்ட் பக்கமும் கசியும். புத்தம் புதிய டர்போவும் அப்போது புகையும். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடி மேலே துள்ளும் அளவுக்குக் காற்று பீறிட்டால், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளிவிடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறது அல்லது பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்து மறைந்தால் வால்வு சீல்மீது சந்தேகப்படலாம். சிக்னலில் சில நிமிடம் ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது குப்பென்று வந்தால் டர்போவின் வடிகுழாயைப் பார்க்க வேண்டும். எப்போதும் வந்தால் ரிங்.

கழற்றிய பழைய டர்போக்களைப் பட்டறையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிணப் பரிசோதனை போல அவை எல்லாவற்றையும் சொல்லிவிடும். தண்டு நீலம் பாரித்துக் கருகியிருந்தால் ஆயில் கிடைக்காமல் செத்தது. புஷ்ஷில் வளைய வளையமாகக் கீறல் இருந்தால் அழுக்கு ஆயிலால் செத்தது. காற்றிழுக்கும் சக்கரத்தின் இதழ் விளிம்புகள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல மழுங்கியிருந்தால், ஏர் ஃபில்டர் பெட்டி சரியாக மூடாமல் புழுதி உள்ளே போயிருக்கிறது. ஓர் இதழ் உடைந்திருந்தால் நட்டோ வாஷரோ, முந்தைய டர்போவின் துண்டோ உள்ளே விழுந்திருக்கிறது. இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் டர்போ உடைந்த காரில், டர்போ தள்ளும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் அதன் குழாய்களையும் கழற்றிக் கழுவாமல் புதியதைப் பூட்டக் கூடாது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆயில் துவாரங்களில் பசை கேஸ்கட் கூடவே கூடாது. தகட்டு கேஸ்கட் மட்டுமே. புதிய ஆயில், புதிய ஃபில்டர் போட்டு, டர்போவின் ஆயில் துவாரத்தில் கொஞ்சம் ஆயிலை ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட வேண்டும். இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றிவைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றிய பிறகே இன்ஜினைக் கிளப்ப வேண்டும். ‘மாட்டினோம், ஒரு ரைஸ் கொடுத்துப் பார்த்தோம்’ என்பார்கள் சிலர். புதிய டர்போவின் ஆயுளில் பாதி அந்த ஒரு ரைஸில் போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. டீசல் காரில் டர்போ கடுமையாக ஆயில் கசிந்தால் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக வேகமெடுக்கக்கூடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் பிரேக்கை முழுவதுமாக மிதித்துக்கொண்டு, உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விட்டு இன்ஜினை மடக்கி நிறுத்த வேண்டும். பானெட்டைத் திறந்து காற்றுக் குழாயைக் கையால் பொத்தப் போகாதீர்கள், விரல் போய்விடும். புகை அதிகமாகியிருக்கும் இந்த நிலையில் நெடுஞ்சாலைப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

விசிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெல்லிய விசில் எல்லா டர்போவுக்கும் உண்டு. போலீஸ் சைரன்போல ஏறி இறங்கும் ஊளைச் சத்தம்தான் தண்டு சமநிலை இழந்ததைக் காட்டும்.

கேள்வி: 90 பி.எஸ். டீசல் இன்ஜின் உள்ள 2012 எர்டிகா. வால்பாறை மலையேறும்போது திடீரென்று இழுவை போய்விடுகிறது. 2,500 சுற்றுகளுக்கு மேல் போக மறுக்கிறது. ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. டர்போ மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். (வாசகர், பொள்ளாச்சி)

அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நோயின் பெயர் அந்த வரியிலேயே இருக்கிறது. உங்கள் டர்போ சேலம் வாசகருடையதைப் போன்றதல்ல. எக்ஸாஸ்ட் சக்கரத்தைச் சுற்றிலும் சிறிய இதழ்கள் வட்டமாக நின்று, வேகத்துக்கேற்ப ஒருங்கே திரும்பும், இதைத்தான் வி.ஜி.டி. என்கிறார்கள். டவுனுக்குள் குறைந்த வேகத்திலேயே ஓடும் கார்களில் கரி படிந்து இவ்விதழ்கள் சிக்கிக்கொள்ளும். சமவெளியில் இது தெரிவதில்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுள்ள உங்கள் மலைப்பாதையில் நெடுநேரம் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு வளைவில் காலை எடுத்து மீண்டும் மிதிக்கும்போது, இதழ்கள் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் அழுத்தம் அளவுக்கு மேல் எகிறும். அதைக் கண்ட கம்ப்யூட்டர் இன்ஜினைக் காப்பாற்றுவதற்காகத் திறனைக் குறைத்துவிடும். அணைத்துக் கிளப்பினால் அது பழையபடி முயன்று பார்க்கிறது.

முதலில் ஸ்கேனரை மாட்டி, அழுத்தம் கூடிய பிழையா குறைந்த பிழையா என்று பாருங்கள். கூடியது என்றால் மேலே சொன்னதுதான். குறைந்தது என்றால், அதுவும் கரும்புகையோடு சேர்ந்து வந்தால், இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸில் வெடிப்போ கிளாம்ப் தளர்ச்சியோ இருக்கும். சில நூறு ரூபாய் ஹோஸுக்காக டர்போவையே மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதழ்களை அசைக்கும் ஆக்சுவேட்டர் வேக்கூமில் (உறிஞ்சு விசையில்) இயங்குவதாக இருந்தால் கைப்பம்பை மாட்டி இழுத்துப் பாருங்கள். அதன் கம்பி தடங்கலின்றி முழுதும் நகர்ந்து, விட்டவுடன் தானாகத் திரும்ப வேண்டும். நடுவில் திக்கினால் டர்போவைக் கழற்றிப் பிரித்து, கரியைச் சுத்தம் செய்தாலே போதும். தண்டில் ஆட்டமில்லாதவரை புதியது தேவையில்லை. பிரித்துப் பூட்டும்போது ஆக்சுவேட்டர் கம்பியின் ஸ்டாப்பர் திருகை மட்டும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் அளந்து வைத்த அது கால் சுற்று மாறினாலும் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வையும் அதே நாளில் சுத்தம் செய்துவிடலாம்.

கேள்வி: டர்போ காரை அணைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் ஓடவிட வேண்டும் என்கிறார்கள். வீட்டு வாசலில் தினமும் இதைச் செய்து அக்கம்பக்கத்தாரிடம் திட்டு வாங்குகிறேன். (வாசகர், நாமக்கல்)

திட்டுவதில் நியாயமிருக்கிறது. ஊருக்குள் நிதானமாக ஓட்டி வந்து வீட்டில் நிறுத்தும்போது கடைசித் தெருவைக் கடப்பதற்குள் டர்போ ஆறிவிடும், உடனே அணைக்கலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கொல்லிமலை இருக்கிறது. அதன் எழுபது வளைவுகளையும் முழுச் சுமையோடு ஏறி, மேலே டீக்கடையைப் பார்த்தவுடன் சட்டென்று அணைத்தால்தான் ஆபத்து. ஆயில் ஓட்டம் நின்றுவிடும். எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூடு மட்டும் அப்படியே தண்டுக்கு ஏறும். அங்கே தேங்கிய ஆயில் வெந்து கரியாகும். அத்தகைய ஏற்றத்துக்குப் பிறகும், நெடுஞ்சாலையில் வேகமாக வந்து சுங்கச்சாவடியை ஒட்டிய ஓட்டலில் நுழையும்போதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய உடனே ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் இருப்பது இதைவிட முக்கியம்; அதை யாரும் சொல்வதில்லை.

கேள்வி: புதிய டர்போவின் விலையில் பாதிக்கும் குறைவாக ‘ரீகண்டிஷன்’ செய்து தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா? (வாசகர், கரூர்)

எங்கே, எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சக்கரங்களும் தண்டும் பேரிங்கும் சேர்ந்த நடுப்பகுதியைக் ‘கோர்’ என்பார்கள். புதிய கோரை வாங்கி உங்கள் பழைய டர்போவின் வெளிக்கூட்டுக்குள் பொருத்துவது ஒரு முறை. புஷ்ஷையும் வளையங்களையும் மட்டும் மாற்றுவது இன்னொன்று. இரண்டாவது முறையில் பாகங்களைச் சேர்த்த பிறகு கோரை அதிவேகத்தில் சுழற்றி, எடை ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்க்கும் பேலன்சிங் மெஷின் இருந்தே ஆக வேண்டும். அந்த மெஷினை நேரில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் டர்போவின் அளவீட்டுத் தாளையும் கேளுங்கள். ‘கையிலேயே சுற்றிப் பார்த்துவிடுவோம் அண்ணே’ என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். எதைச் செய்தாலும் முதல் பதிலில் எழுதியிருக்கும் ஆயில் வழி வேலைகளை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 2011 ஃபியட் லினியா டி-ஜெட் வைத்திருக்கிறேன், 95,000 கிலோமீட்டர். இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள கட்டுப்பாட்டுக் கணக்கை (மேப்) மாற்றி, அதாவது ரீமேப் செய்து, 150 பி.எஸ். ஆக்கித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். இன்ஜின் தாங்குமா? சட்டம் இதை அனுமதிக்குமா? (வாசகர், சென்னை)

நல்ல காரை வைத்திருக்கிறீர்கள். 1,368 சி.சி.யிலிருந்து 114 பி.எஸ்., 207 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) எடுத்த அந்த இன்ஜினைப் போல அந்த விலையில் அப்போது இங்கே அதிகம் இல்லை. இதே இன்ஜினை ஃபியட் நிறுவனமே 2015இல் அபார்த் புன்ட்டோவில் 145 பி.எஸ்.ஸுக்கு உயர்த்தி இந்தியாவில் விற்றது. ஆகவே 145 என்ற எண் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. ஆனால் அவர்கள் டார்க்கை எவ்வளவு உயர்த்தினார்கள் என்று பாருங்கள்: 212. ஐந்தே ஐந்து நியூட்டன் மீட்டர். அதாவது மேல் சுற்றுகளிலும் டார்க் விழாமல் பார்த்துக்கொண்டு திறனைக் கூட்டினார்களே தவிர, கீழ்ச் சுற்றுகளில் திடீர் உதையைக் கூட்டவில்லை. கடைகளில் விற்கும் ரீமேப்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, 2,000 சுற்றுகளிலேயே டார்க்கைத் தூக்கிவிடும். ஓட்டிப் பார்க்கும்போது முதுகு சீட்டில் ஒட்டுகிற அந்த உணர்வுக்குத்தான் வாடிக்கையாளர் பணம் தருகிறார். கிளட்சையும் கியர்பாக்ஸையும் கனெக்டிங் ராடையும் பதம்பார்ப்பதும் அதுவே.

ஆகவே கடைக்காரரிடம் எத்தனை பி.எஸ். என்று கேட்காதீர்கள், எத்தனை சுற்றில் எவ்வளவு டார்க், அப்போது டர்போ அழுத்தம் எவ்வளவு, இக்னிஷன் டைமிங்கில் கம்ப்யூட்டர் எவ்வளவு பின்வாங்குகிறது என்று கேளுங்கள். சென்னையின் மே மாதத்து மதியத்தில் இன்டர்கூலருக்குள் நுழையும் காற்றே அனலாக இருக்கும். காற்று சூடானால் பெட்ரோல் தீப்பொறிக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். குளிர்நாட்டில் எழுதப்பட்ட மேப்பை அப்படியே இங்கே ஏற்றுபவர்களிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. டைமிங் பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ரப்பருக்கு வயதுண்டு. ரசீது கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, டென்ஷனர், வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள். ஸ்பார்க் பிளக், காயில், டர்போ ஹோஸ்கள், இன்ஜின் மவுண்ட்டுகள், கூலன்ட், பிறகு பிரேக்கும் டயரும். ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து எழுதிவையுங்கள். இவ்வளவையும் செய்து முடித்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். தளர்ந்துபோன கார் தன் பழைய 114ஐ மீட்டுக்கொண்ட பிறகு ரீமேப் ஆசையே அடங்கிப்போன இருவரை எனக்குத் தெரியும்.

சட்டப் பக்கத்தையும் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. இன்ஜினையே மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போடுவதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அது போதுமான காரணமாகிவிடும். எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: என் 2010 டீசல் காரில் கியர் மாற்றும்போது ‘புஸ்’ என்று சத்தம் வரும் வால்வு பொருத்த ஆசை. (வாசகர், மதுரை)

தம்பி, அந்த வால்வு பெட்ரோல் டர்போவுக்கானது. பெட்ரோல் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வழியில் உள்ள த்ராட்டில் என்ற தகடு மூடிக்கொள்ளும்; போக வழியின்றி முட்டும் காற்றை வெளியேற்றத்தான் அது. டீசல் இன்ஜின் காற்றை அப்படி மூடிக் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே அந்த வால்வுக்கு வேலையே கிடையாது. சந்தையில் டீசலுக்கென விற்பது சத்தத்துக்காகவே காற்றைத் திறந்துவிடும் பொம்மை. கசிய இன்னோர் இடம் சேர்வதுதான் மிச்சம். பெட்ரோல் கார்களிலும்கூட, அளந்து உள்ளே விட்ட காற்றை வெளியே கொட்டிவிட்டால், அதற்கேற்ற பெட்ரோல் மட்டும் உள்ளே போய் இன்ஜின் திணறும். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் அந்தக் காற்றை டர்போவின் வாய்க்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

கேள்வி: 2005 ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டர்போ பெட்ரோல் ஒன்று விலைக்கு வருகிறது. ஒரே உரிமையாளர். வாங்கலாமா? (வாசகர், திருச்சி)

அன்றாட அலுவலகப் பயணத்துக்கு இதுவே ஒரே கார் என்றால் வேண்டாம். வீட்டில் இன்னொரு வண்டி இருந்து, பாகம் வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் இருந்தால் வாங்கலாம். சிலிண்டருக்கு ஐந்து வால்வுகள் வீதம் இருபது வால்வுள்ள இன்ஜின் அது. டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் முட்டி வளைந்துவிடும். எனவே பெல்ட் மாற்றிய ரசீதையே முதலில் கேளுங்கள். ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: உள்ளே தேன் நிறம் இருந்தால் நல்லது, கறுப்புக் களிபோல அப்பியிருந்தால் பேரமே வேண்டாம். இந்த இன்ஜினில் ஏகப்பட்ட சிறு வேக்கூம், பிரீதர் குழாய்கள் உண்டு. இருபதாண்டு வெயிலில் அவை அப்பளம்போல நொறுங்கும். ஐடில் ஏறி இறங்குவதும் இழுவை குறைவதும் டர்போவால் அல்லாமல் இவற்றால்தான் பெரும்பாலும் ஏற்படுகின்றன. வாங்கிய வாரத்திலேயே மொத்தத்தையும் மாற்றிவிடுவது நல்லது. பம்பிலிருந்து இன்ஜின்வரை செல்லும் பெட்ரோல் ஹோஸ்களையும் அப்போதே மாற்றுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ரப்பர் அல்ல அது.

சோதனை ஓட்டத்துக்குச் செல்லும்போது இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஆர்.சி.யின் பதினைந்து ஆண்டு முடிந்துவிட்டதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; தற்போதைய புதுப்பிப்பு எதுவரை செல்லும், பசுமை வரி கட்டியிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு, பாக்கி இருந்தால் அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.